பலகைமேல் வைத்த மடக்குக் கத்தி

நான் கண்ணால் கண்டதையும், கையால் செய்ததையும், என் எதிரில் நின்று ஒருவர் சொல்லக் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர்வழி அறிந்த செய்தி ஓரிடத்தில் மட்டும் வருகிறது. அவ்விடத்தில் அதை மறைக்காமல் குறிப்பிடுவேன். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் சங்கம் அண்மையில் ஒரு மலர் வெளியிட்டது. சூசை என்னும் தோணித் தொழிலாளி உயிர் பிழைத்த நிகழ்ச்சியை அதில் ஒருவர் எழுதியிருக்கிறார். இழுவைக் கயிறு பழையது என்றும், இறைவன் அருளால் அது தானே அறுந்துபோயிற்று என்றும் அச்சில் இருக்கிறது. எழுதியவர் அன்று தோணியில் இல்லை. நான் இருந்தேன். கயிறு புதியது. அதை அறுத்தது ஒரு மடக்குக் கத்தி. அந்தக் கத்தி என்னுடையது.

மலரைத் தொகுத்த இளைஞர் துறைமுக அலுவலகத்தில் பணியில் இருப்பவர். அவரை வரவழைத்து இதைச் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார்.

"அண்ணாச்சி, நடந்தது நடந்து போச்சு. இப்பம் துறைமுக வாசல்ல, கத்தி கொண்டுவரக் கூடாதுன்னு புதுசா போர்டு வச்சிருக்காங்க. இந்த நேரத்துல நீங்க கத்தியப் பத்தி எழுதினா, பயலுவ எல்லாம் மடியில சொருகிட்டு வந்துருவானுவ."

"வரட்டும். எப்படிப்பட்ட கத்தி வாங்கணும்னும் சேத்தே எழுதித் தாரேன்," என்றேன்.

அந்தச் சங்கத்தில் நான் உறுப்பினன் அல்லன். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

திருநெல்வேலியில் நான்காண்டுகள் தமிழ் பயின்றேன். பயின்றதற்கு ஏற்ற வேலை எந்தப் பள்ளியிலும் கிடைக்கவில்லை. போர் தொடங்கியிருந்த காலம். தூத்துக்குடியில் ஒரு தோணிக் கம்பெனியில், சரக்கு மாதிரி எடுக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அந்நாளில் பெருங்கப்பல்கள் கரையை நெருங்குவதில்லை, ஆழம் போதாது. சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் சென்று சரக்கை இறக்கி வரும். நீராவி லாஞ்சு ஒன்று தோணிகளைத் தடித்த கயிற்றால் இழுக்கும். கப்பலிலிருந்து இறங்கும் பஞ்சுப் பொதியானால் அதன் மேற்சாக்கைக் கீறி ஒரு பிடி எடுக்க வேண்டும். தானிய மூட்டையானால் குத்தூசி செலுத்திக் கைப்பிடி அளவு வாங்க வேண்டும். நனைந்த மூட்டையானால் தையலை அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். எடுத்ததைச் சிறு துணிப்பையில் இட்டு, சணலால் கட்டி, சணலை அறுக்க வேண்டும். ஒரு நாளில் நாற்பது முறையாவது கத்தியைத் திறந்து மூடுவேன். மற்றவர்களுக்குப் பேனா எப்படியோ எனக்குக் கத்தி அப்படி.

முதல் கத்தியைத் தவறாக வாங்கினேன். கடைக்காரர் அலகை வெயிலில் பிடித்து மின்னவைத்தார், மயங்கிவிட்டேன். நீண்ட அலகு, ஊசிபோன்ற முனை, எலும்புப் பிடி. முதல் மாதத்திலேயே அம்முனை சாக்கைக் கடந்து என் இடக்கை விரலில் இறங்கியது. எலும்புப் பிடி உப்புக்காற்றில் வெடித்தது. அதை வீசிவிட்டு மீண்டும் கடைக்குச் சென்றேன். இம்முறை வெளியே இருந்த தொட்டியில் இரு கைகளையும் நனைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"என்ன தம்பி, கை கழுவிட்டுத் தொடைக்காம வாரீய? துருப்பிடிச்சா யாரு வாங்குவா?" என்றார் கடைக்காரர்.

"ஈரக்கையால தொறக்க முடியாத கத்தி எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

ஆறு கத்திகளை எடுத்துப் போட்டார். அலகின் பக்கவாட்டில் நகம் பதிக்கும் குழி ஒன்று இருக்கும். ஈர நகத்தால் அதைப் பற்றி இழுத்தபோது நான்கு கத்திகள் திறக்க மறுத்தன, அவற்றை ஒதுக்கினேன். ஐந்தாவதைப் பாதி திறந்து விட்டேன். வில் இறுக்கம் இல்லாமல், படார் என்று மூடிக்கொண்டது. பாதியில் விட்டால் பாதியிலேயே நிற்கிற கத்திதான் விரலைக் காக்கும். ஆறாவது நின்றது. அதன் அலகு உள்ளங்கை அகலத்துக்கு மேல் நீளவில்லை. முனை கூராக இல்லாமல் கீழ்நோக்கி வளைந்து மொட்டையாக முடிந்தது. மரப்பிடி, பித்தளை ஆணிகள், பிடியின் கடையில் கயிறு கோக்க ஒரு வளையம். அலகு துருப்பிடிக்கும் எஃகு. துருப்பிடிக்காத எஃகைப் பலர் விரும்புகின்றனர். அது பளபளக்கும், மூன்றாம் நாள் சணலை அறுக்காமல் மெல்லும். துருப்பிடிக்கும் எஃகோ கூரை விடாது. மாலைதோறும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், அவ்வளவே. அந்த ஒரு சொட்டுக்குச் சோம்புகிறவர்கள் கத்தி வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

அதைத் தோணிக்குக் கொண்டுபோன அன்று பெருஞ்சிரிப்பு. சூசை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சங்குக் குளிப்புக் காலத்தில் கடலுக்குள் மூழ்குவதும், மற்ற மாதங்களில் தோணி வேலையும் அவருடைய பிழைப்பு. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்.

"ஏலே, இங்கன பாருங்கலே! புலவரு கத்திக்கு மூக்கு அறுத்துட்டாவ!"

"இத வச்சு என்னத்தவே அறுக்கப் போறீரு? அவிச்ச கெழங்கா?" என்றார் சந்தியாகு தண்டல். தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். ஐம்பது வயது, அகன்ற தோள், குரல் லாஞ்சு வரை கேட்கும்.

"மூக்கில்லாத கத்தி மனுசனக் குத்தாது தண்டல்," என்றேன்.

"குத்தாத கத்தி எதுக்குவே? சொணையில்லாத கத்தி!"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுடைய கூர்முனைக் கத்திகள் பாய்த்துணியிலும் தொடையிலும் செய்த சேதங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர்களிடம் கற்ற ஒன்றையும் ஏற்றுக்கொண்டேன். கத்தியின் வளையத்தில் இரண்டு முழக் கயிறு கோத்து, மறுமுனையை அரைஞாணில் கட்டிக்கொள்வது தோணிக்காரர் வழக்கம். கடலில் கைதவறினால் கத்தி மீளாது. நானும் கட்டிக்கொண்டேன்.

இன்னொரு வழக்கம் இருந்தது. அதை ஏற்பதற்கு எனக்கு நாளாயிற்று. ஒருநாள் தண்டல் கத்தி கேட்டார். திறந்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னவே, கையிலயா தாரீரு? நமக்குள்ள சண்ட வரவா? கீழ வையும். நான் எடுத்துக்கிடுதேன்."

"கத்தி கைமாறினா சண்டை வரும்னு யார் தண்டல் கண்டா?"

"கண்டவன் எல்லாம் சண்ட போட்டுப் பிரிஞ்சு போயிட்டான். கேக்கதுக்கு ஆளு இல்ல. வையும்வே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கத்தியைப் பலகைமேல் வைத்தேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். கற்றவன் என்ற செருக்கோடு சில வாரம் இதை எள்ளி நகையாடினேன். பிறகு எள்ளுவதை மறந்தேன். ஓராண்டுக்குள் யார் கேட்டாலும், நான் நினைக்குமுன்பே என் கை கத்தியைக் கீழே வைத்திருக்கும்.

இனி எங்கள் மேலதிகாரியைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் தேவசகாயம், நாசரேத்துப் பக்கத்தவர், துறைமேடைக்கு மேற்பார்வையாளர். சித்திரை வெயிலிலும் கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைக் கோட்டு அணிந்திருப்பார். குரலை உயர்த்த மாட்டார். தொழிலாளி எவரையும் நிற்கவைத்துத் தாம் அமர்ந்து பேச மாட்டார், தாமும் எழுந்துகொள்வார். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை, ஒரு சொல்லும் மாறாமல் கேட்பார். முதல் விடையும் இரண்டாம் விடையும் ஒத்திருந்தால் எழுதுவார். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பிறகு பேனா முள்ளைத் துணியால் துடைப்பார். அந்தத் துணி மடிக்கப்பட்டு எப்போதும் மேசையின் வலது மூலையில் இருக்கும்.

போர் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. தானிய மூட்டைகள் தோணியிலேயே கீறப்பட்டன; கரையிறங்கும்போது எடை குறைந்தது. கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. கூர்மையுள்ள எதுவும் தோணிக்குள் போகக் கூடாது. மடக்குக் கத்தியும் கூடாது. தோணிக்குரிய கைக்கோடரியும் கூடாது. வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்தார்கள். காலையில் போட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் தேவசகாயம் அவர்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து, பென்சில் சீவுவதற்கு வைத்திருந்த தம் சிறு பேனாக்கத்தியை அப்பெட்டியில் போட்டார். அவர் தோணியில் ஏறுபவரே அல்லர். அன்று முதல் பென்சில் மழுங்கும்போதெல்லாம் வாசல்வரை நடந்துவந்து சீவிக்கொண்டு போனார். அவரை எதிர்த்தேன், ஆயினும் இதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

உத்தரவை எதிர்த்து ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். கடலில் கயிறு உள்ள இடத்தில் கத்தி இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நின்றபடியே படித்தார்.

"களவு நடக்குதுங்கிறத ஒத்துக்கிடுதீரா?"

"ஒத்துக்கிடுதேன் சார்."

"களவு நடக்குதுங்கிறத ஒத்துக்கிடுதீரா?"

"ஒத்துக்கிடுதேன் சார். மூட்டையக் கீறுதவனுக்கு ஒரு ஆணி போதும். ஆணிய எந்தப் பெட்டியில போடச் சொல்லுவீய?"

அவர் புன்னகை செய்ததாக எனக்குத் தோன்றியது. மனு தள்ளப்பட்டது.

நான் கத்தியைப் பெட்டியில் போடவில்லை. மாதிரிப் பைகள் வைக்கும் தோல்பையின் அடியில், துணிகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு போனேன். திருட்டுத்தனம் என்று அதைச் சிலர் பின்னர் சொன்னார்கள். அந்த உத்தரவு பிழையானது. பிழையென்று எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் மீறினேன். அதற்காக அன்றும் வெட்கப்படவில்லை; இன்றும் வெட்கமில்லை. ஆனால் அரைஞாணில் கட்டிய கயிறு வாசலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்தவன் நான்தான்.

நிகழ்ச்சி நடந்தது வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு பிற்பகல். கப்பலிலிருந்து கோதுமை மூட்டைகள் ஏற்றிக்கொண்டு எங்கள் தோணி கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. லாஞ்சு முன்னே இழுத்தது. இழுவைக் கயிறு மூன்று புரிகள் முறுக்கிய தென்னை நார்க் கயிறு, மணிக்கட்டுப் பருமன், கட்டி ஒரு மாதம் ஆகவில்லை. அது வந்த சுருளைப் பிரித்தபோது நான் உடனிருந்தேன். தோணியின் முன்பகுதியில், பலகையில் ஊன்றிய ஒரு கட்டையில் கயிறு சுற்றப்பட்டிருந்தது. லாஞ்சு வேகத்தைக் குறைத்ததால் கயிறு தொய்ந்தது. தொய்வைச் சூசை வளையமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். அலை ஒன்று லாஞ்சைத் தூக்கியது. கயிறு விசுக்கென்று விறைத்தது. வளையம் அவருடைய வலக்காலில் கணுக்காலுக்கு மேல் மூடிக்கொண்டு அவரைக் கட்டையோடு இழுத்து அடித்தது.

"மாதாவே!" என்ற ஒரு சொல் கேட்டது. பிறகு அவரிடமிருந்து சொல் வரவில்லை. ஓசை மட்டும் வந்தது.

சந்தியாகு தண்டல் சுக்கானை விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். லாஞ்சை நோக்கி எல்லோரும் கத்தினார்கள். எதிர்காற்று; எந்திரத்தின் இரைச்சல்; லாஞ்சில் இருந்தவர்கள் திரும்பவில்லை. இழுவிசை இருக்கும்போது கட்டையில் சுற்றிய கயிறு அவிழாது. இருவர் முயன்று பார்த்தார்கள், இறுக்கம் விரலையே கடித்தது. கோடரி கரையில் பெட்டியில் கிடந்தது. எல்லோருடைய கத்திகளும் அங்கேதான் கிடந்தன. தண்டல் ஒரு கையால் சூசையின் அக்குளில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மறுகையை எங்கள் பக்கம் நீட்டினார்.

"கத்தி! எவன்கிட்டயாவது கத்தி இருக்காலே?"

தோல்பையில் கைவிட்டு எடுத்தேன். என் விரல்கள் நனைந்திருந்தன. கத்தி ஒரே இழுப்பில் திறந்தது. அவருடைய கை என் முகத்துக்கு எதிரே ஒரு முழத் தொலைவில் விரிந்திருந்தது. நான் குனிந்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி, முறையாக, கத்தியைப் பலகைமேல் வைத்தேன்.

தோணி இழுபட்டுச் சாய்ந்தது. நனைந்த பலகையில் கத்தி சறுக்கி, மூட்டைகளுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே இருந்த சந்துக்குள் போய்விட்டது. கயிறு கட்டியிருந்தால் என் இடுப்போடு நின்றிருக்கும்.

"எங்கலே வச்ச? கையில தாலே! கையில தா!"

அத்தனை ஆண்டுகளில் அவர் என்னை 'லே' போட்டு விளித்தது அந்த ஒருமுறைதான். குப்புற விழுந்து, தோள்வரை கையைச் சந்துக்குள் நுழைத்துத் தேடினேன். அலகு முதலில் கிடைத்தது, என் உள்ளங்கை கிழிந்தது, பற்றி இழுத்தேன். எழாமலே, முழந்தாளிட்டபடியே, அவருடைய கைக்குள் பிடியைத் திணித்தேன். அவர் விரல்கள் மூடிக்கொண்டன.

விறைத்த கயிறு கத்திக்கு எளிது. முதல் புரி மூன்று இழுப்பில் போனது. இரண்டாம் புரி அதைவிட விரைவில். மூன்றாவது புரியில் அலகு பாதி இறங்கியதும் மிச்சம் தாங்காமல் தெறித்தது. கயிற்றின் முனை எங்கள் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போயிற்று. சூசையின் காலிலிருந்த வளையம் தளர்ந்தது. காலைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

பிடிமானம் இழந்த தோணியை வாடைக்காற்று தெற்கே தள்ளிற்று. லாஞ்சு திரும்பி வருவதற்குள் தோணி மணல்திட்டில் ஏறி, அடிப்பலகை விரிந்து, கோதுமையில் பெரும்பகுதி கடல்நீரில் ஊறியது. சூசையை லாஞ்சில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுசென்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பிந்தி வந்த தோணியில் கரையேறினேன். வாசலில் நின்று, காவலர் பார்க்க, தென்னைநார் ஒட்டியிருந்த என் கத்தியைத் திறந்தபடியே மரப்பெட்டியில் போட்டேன்.

மறுநாள் விசாரணை. அறையில் தேவசகாயம் அவர்களும் நானும் மட்டும். மேசைமேல் வலது மூலையில் மடித்த துணி. அதன் பக்கத்தில் என் கத்தி. நேரம், காற்று, சரக்கு, தோணியில் இருந்தோர் பெயர்கள் என்று கேட்டார், இரண்டிரண்டு முறை கேட்டார், எழுதினார், துடைத்தார்.

"இழுவைக் கயிறு பழசா, புதுசா?"

"புதுசு சார். கட்டி ஒரு மாசம் ஆகல."

"இழுவைக் கயிறு பழசா, புதுசா?"

"புதுசு சார்."

விடைகள் ஒத்திருந்தன. அவர் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வாக்குமூலத்தின் நடுவில் அவர் பேனாவை வைத்து நான் கண்டதில்லை.

"புலவரே, மேனேஜர் தொரைக்கு வேண்டியது ஒரு காரணம். கயிறு பழசு, தானா அத்துப் போச்சுன்னு எழுதினா அதுவே போதும். கத்தியப் பத்திக் கேள்வியே வராது. இது என் மேசைக்கு வந்தது தொரைக்குத் தெரியாது."

"கயிறு பழசுன்னா சந்தியாகு தண்டலுக்கு என்ன ஆகும் சார்?"

"காலையில கயிறப் பாக்க வேண்டியது தண்டல் பொறுப்பு."

"அப்பம் அவரு வேலை போகும்."

"கத்தின்னா உம்ம வேலை போகும். யார் வேலைன்னு நான் கேக்கல. கயிறு பழசா, புதுசா?"

"மூணாந்தடவையும் புதுசுதான் சார்."

அவர் பேனாவை எடுத்து, 'புதியது' என்று எழுதினார், முள்ளைத் துடைத்தார். அடுத்த சில கேள்விகளை ஒருமுறைதான் கேட்டார்.

"கத்தி யாரோடது?"

"என்னோடது."

"உத்தரவு தெரியுமா?"

"தெரியும். தப்பான உத்தரவுன்னு அன்னைக்கே எழுதித் தந்திருக்கேன்."

"தண்டல் கேட்டதும் குடுத்தீரா?"

இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருக்கலாம். தண்டல் மறுத்திருக்க மாட்டார். என்னைக் கேட்டால், அந்த அறையில் நான் பட்ட துன்பம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது என்பேன். வேலை போவதில் இல்லை.

"இல்ல சார். கீழ வச்சேன்."

"ஏன்?"

"பழக்கம். கையில குடுத்தா சண்டை வரும்பாங்க."

"இவ்வளவு படிச்ச நீரு அத நம்புதீரா?"

"நான் நம்பல சார். என் கை நம்பிச்சு."

"அதையும் எழுதணுமா?"

"எழுதுங்க."

"அதையும் எழுதணுமா?"

"எழுதுங்க சார்."

எழுதினார். படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டேன். அவர் எழுந்து நின்றார், நானும் எழுந்தேன். கத்தியை அவர் தரவில்லை, நான் கேட்கவில்லை. அந்த வார இறுதியில் என்னை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. காரணம் ஒரே வரி: தடை செய்யப்பட்ட பொருளைத் தோணியில் வைத்திருந்தமை. சந்தியாகு தண்டல் மீது குற்றம் இல்லை என்றும் தனியே முடிவாயிற்று. ஒரு மாதத்துக்குப் பிறகு தண்டல்கள் மட்டும் கயிறு கட்டிய கத்தி ஒன்றைக் கொண்டுபோகலாம் என்று உத்தரவு திருத்தப்பட்டதாகச் சொன்னார்கள். பிறர் சொல்லி அறிந்தேன் என்று முதலில் குறித்த செய்தி இதுதான்; உத்தரவை நான் படிக்கவில்லை. நான் ஊருக்குள் பஞ்சு சேமித்து வைக்கும் கிட்டங்கி ஒன்றில் பொதி திறக்கும் வேலையில் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன். துறைமுகத்திலிருந்து நான் ஓய்வு பெறவில்லை, நீக்கப்பட்டேன். சங்கத்தில் எனக்கு இடமில்லாத காரணம் அது.

சூசையை மருத்துவமனையில் பார்த்தேன். வலப்பாதத்தைக் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இனிக் கடலுக்குள் மூழ்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"சூசை, தண்டல் கேட்டதும் நான் கையில குடுக்கல. கீழ வச்சேன்."

"பாத்தேன்வே. கண்ணு தொறந்துதான இருந்துச்சு."

"கையில குடுத்திருந்தா..."

"கையில குடுத்திருந்தா தண்டலு உம்மகூட சண்டைக்கு வந்திருப்பாரு," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னாளில் அவர் பாய் தைக்கும் தொழிலில் அமர்ந்தார். வீதியில் என்னைக் கண்டால் நின்று பேசுவார். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

நீக்கக் கடிதம் வந்த மறுநாள் காலையில் சந்தியாகு தண்டல் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை அவிழ்த்தார். மரப்பிடி, புதியது, கயிறு கோத்திருந்தது. அலகைத் திறந்து காட்டினார். முனை மொட்டையாக இருந்தது.

"உம்ம கத்திய ஆபீசுல வச்சிக்கிட்டானுவ. இத நீரு வச்சிக்கிடும். மூக்கறுத்த கத்திதான். தேடித்தான் வாங்கினேன்."

கையை நீட்டினார். கத்தி அவருடைய உள்ளங்கையில் இருந்தது. கீழே வைக்கவில்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி பதறிவிட்டாள்.

"ஐயோ, கையில வாங்காதிய! கீழ வைக்கச் சொல்லுங்க!"

"சண்ட வந்தா வரட்டும் தாயி," என்றார் தண்டல். அவர் கை நீண்டபடியே இருந்தது. நான் என் கையில் வாங்கினேன்.

அன்று முதல் எனக்கு அது விதி. வீட்டிலும் கிட்டங்கியிலும், யார் கேட்டாலும், கத்தி என் கையிலிருந்து அவர்கள் கைக்குத்தான் போயிற்று. வாங்க மறுத்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. நான் எடுத்துச் சென்று அவர்கள் வேலையை அறுத்துக் கொடுத்தேன். என் மனைவி பத்தாண்டுகள் எதிர்த்தாள். பிறகு கை நீட்டினாள். அதனால் யாரோடும் சண்டை வரவில்லை. கயிறு பழையது என்று அச்சிட்ட சங்கத்தோடு இப்போது வந்திருக்கிறது. அதில் நான் பின்வாங்குவதாக இல்லை. வாசலில் எத்தனை போர்டு வைத்தாலும், கயிற்றருகே வேலை செய்கிறவர்கள் கத்தி கேளுங்கள்; எழுதிக் கேளுங்கள்; கயிறு கட்டிக் கொண்டுபோங்கள்; கேட்டவர் கையில் கொடுங்கள்.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேவசகாயம் அவர்கள் அக்கேள்வியை மூன்றாம் முறை கேட்டது என்னைக் காப்பதற்கா, கம்பெனியைக் காப்பதற்கா என்று தெரியாது. என் பழைய கத்தி பிறகு எங்கே போயிற்று என்று தெரியாது. அது பலகையில் சறுக்கி மீண்டும் என் கைக்கு வர எவ்வளவு நேரமாயிற்று என்பதை யாரும் அளக்கவில்லை. அந்நேரம் வீணாகாதிருந்தால் சூசையின் பாதம் தப்பியிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். சொல்ல இயலாது என்றார். தண்டலைக் கேட்டேன், தெரியாது என்றார். எனக்கும் தெரியாது.